நூலால் அறுத்த பன்

பிப்ரவரி 3

சித்திக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நவம்பரில் நான் கிளம்பி வந்த விதத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. உங்கள் போனை எடுக்காமல் இருப்பது கோபத்தால் மட்டும் அல்ல. நீங்கள் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் நான் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். சரியாகவில்லை. அதனால் கடிதம். அதுவும் ஓர் உதவி கேட்டு.

இங்கே என் வேலை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் பிழை பார்ப்பது. எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்து. வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காத தாளை நான் நாள் முழுக்கப் படிக்கிறேன். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது.

எங்கள் கட்டடத்தில் ஒரு லிஃப்ட்காரர் இருக்கிறார். போன மாதம் அவர் மனைவி உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆளாளுக்கு அவர் கையில் பணம் கொடுத்தோம். நானும் கொடுத்தேன். இப்போது மனைவி தேறிவிட்டார். இவர்தான் தேறவில்லை. லிஃப்ட்டில் யார் ஏறினாலும் ஸ்டூலை விட்டு எழுந்துவிடுகிறார். "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். "நல்லா இருக்காங்க, உங்களாலதான்" என்று தலையைக் குனிகிறார். ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு முறையும். நல்ல மனதோடு கேட்கிறவர்கள்தான் எல்லோரும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் அவர் எங்கே போய் ஒளிவார்? போன வாரம் மேனேஜரிடம் போய்த் தன்னைக் குடோனுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

சாப்பாட்டு அறையில் இந்தப் பேச்சு வந்தபோது, "எங்க ஊர்ல இதுக்கு ஒரு பை இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பேக்கிங் பிரிவின் பெரியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன பை? யார் வெச்சிருக்கா? நாமளும் ஆரம்பிக்கலாமா?" இப்போது ஒரு கூட்டமே ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறது. அதன் ஒழுங்குமுறைகளை வாங்கித் தருவது என் பொறுப்பாகிவிட்டது.

குழுவைத் தொடங்கியவர் நீங்கள் என்பதால் உங்களைக் கேட்கிறேன். சுருக்கமாக எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 10

முற்றுப்புள்ளிக்கு,

சுருக்கமாக எழுதச் சொல்கிறாய், அதுவும் என்னிடம். உன் தைரியத்தை மெச்சுகிறேன். வார்த்தைக்கு வார்த்தை காசு கேட்பவள் மாதிரி நீ பேசுவதைப் பார்த்துத்தானே உனக்கு இந்தப் பெயரையே வைத்தேன்.

கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பேனா சரியில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உறையில் எழுதியிருக்கிற இந்த முகவரிக்கே பதில் போடு. ரிசப்ஷனில் இருக்கிற நம் மீன்தொட்டி உன்னை விசாரித்தாள். நோயாளி வந்தால்கூட மீனுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கிறாள். மாறவில்லை.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்குக் கவுன் தைத்துப் போட்ட காலத்திலிருந்து நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். இந்த மரியாதையை எங்கே வாங்கினாய்? திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு அளவு சரியில்லை.

சரி, ஒழுங்கு. முதலில் பை. கனத்த துணி, உள்ளே லைனிங், கழுத்து ஒரு கை நுழைகிற அகலம் மட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், கிளினிக்குக்கு விடுமுறை என்பதால், காத்திருக்கிற நாற்காலிகளிலேயே வட்டமாக உட்காருவோம். பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கொடுக்கிற பணத்தோடு கையை மூடி உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுக்க வேண்டும். வெறுங்கையும் பைக்குள் போய் வர வேண்டும். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது பைக்குத்தான் தெரியும்.

பிறகு கதை. யாருக்கு உதவி தேவையோ அவர் நிலைமையை ஒருவர் சொல்வார். பெயர் கிடையாது, தெரு கிடையாது, வயது, தொழில் எதுவும் கிடையாது. அந்த அறைக்குள் எல்லோரும் "ஒருத்தர்"தான்.

பிறகு பொத்தான். பணத்தை எடுத்துவிட்ட பையும் என் பொத்தான் டப்பாவும் சுற்றி வரும். சரி என்றால் வெள்ளைச் சட்டைப் பொத்தான், வேண்டாம் என்றால் கறுப்புக் கோட்டுப் பொத்தான். கையை மூடிப் பையில் போட வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்த உதவி கிடையாது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அதே கதையை அதே ஆள் இன்னொரு முறை கொண்டுவரவும் கூடாது. எல்லாம் வெள்ளையாக இருந்தால் இரண்டு பேர் போய், "குழு கொடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்ப வேண்டும்.

நம் பையைப் பார்த்து இப்போது பஸ் டிப்போவில் ஒன்று, நர்ஸ் விடுதியில் ஒன்று. உங்களுடையது நான்காவது. டிப்போவில் பொத்தானுக்குப் பதில் பழைய டிக்கெட்டுகளாம். நர்ஸ்களுக்கு ஒன்றாக உட்கார நேரம் கிடைப்பதில்லை. அவர்கள் பை உடை மாற்றும் அறையில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், "நமக்கு எல்லா ஊர்லயும் கிளை இருக்கு" என்று மீசையைத் தடவிக்கொண்டே திரிகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சட்டையை வைத்து இன்னொரு சட்டை வெட்டினால் முதல் சட்டையில் இருக்கிற பிசகும் சேர்ந்துதான் வரும்.

அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கறுப்புப் பொத்தானை வைத்துக்கொள்ள வேண்டாம். நவம்பரில் விழுந்த அந்த ஒரு கறுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே நீ கிளம்பிவிட்டாய். "வீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தது தப்பு" என்று நீ எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு என் தையல் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. உனக்கு அவமானமாக இருந்திருக்கும். புரிகிறது. ஆனாலும் அது கோட்டுப் பொத்தான். விழும்போது கேட்கிற சத்தமே வேறு.

உன் சித்தி


பிப்ரவரி 15

சித்திக்கு,

ஒழுங்குகள் கிடைத்தன. பெரியக்கா நன்றி சொல்லச் சொன்னார்.

கறுப்புப் பொத்தானைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் உங்கள் தையல் கடைக்கு வருவேன். நீங்கள் மெஷின் மேல் பேப்பரை விரித்து, நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஒரு பன்னை நடுவில் அறுத்துப் பாதியைத் தருவீர்கள். கூட ஒரு டீ. "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும், இதுலயே வயித்தை ரொப்பிக்காத" என்பீர்கள். "சாப்பாடு இருக்கு சித்தி, பண்ணி வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்பேன். என் அறையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பாதி பன்தான் எனக்கு ராத்திரிச் சாப்பாடு. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "ஒருத்தர் இருக்காரு. வேலை முன்ன மாதிரி இல்ல. வாடகை தள்ளித் தள்ளிப் போகுது. சாயங்காலம் குடிக்கிற டீயும் பாதி பன்னும்தான் ராத்திரிக்கும். வெளிய பார்த்தா தெரியாது. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாரு." என் முகத்தைப் பார்க்காமல் மீன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் என் காதோடு, "யாரோ பாவம், இல்ல?" என்றார்.

பெயரைச் சொல்லவில்லை என்பதால் அது ஒழுங்குப்படிதான். ஆனால் என்னைக் கேட்காமல் என் பசியை எடுத்து அத்தனை பேர் நடுவில் வைத்தீர்கள். டப்பா என்னிடம் வந்தபோது நான் வெள்ளையை எடுத்து எனக்கே போட்டுக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்று. கடைக்குக் கடிதம் போட்டால் என்ன? ஏன் கிளினிக் முகவரி? பேனாவும் சரியாகத்தான் இருக்கிறது. பேனா கெட்டால் மை விட்டு விட்டு வரும், எழுத்து இடது பக்கம் சாயாது. நான் பார்க்கிற வேலை இதுதான் என்பதை மறந்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
அக்கா மகள்


பிப்ரவரி 19

அம்மாடி,

உன் கடிதத்தை மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

பண்ணி வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னாயே. தினமும் சொன்னாயே. என்ன பண்ணினாய் என்றுகூட ஒரு நாள் கேட்டேன், ஏதோ சொன்னாய். அறுத்ததில் பெரிய பாதியை உனக்குத்தான் தந்தேன் என்று நினைக்கிறேன். இப்போது யோசிக்க யோசிக்க நிச்சயமாகத் தெரியவில்லை. ஒன்றிரண்டு நாள் நான் எடுத்திருப்பேன். பசி.

அது உன் கதை இல்லை, கழுதை. என் கதை.

வலது கை போன ஆடியிலேயே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகின்றன. கத்திரிக்கோலைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கல்யாணத் துணியைத் தப்பாக வெட்டி, முழுத் துணிக்கும் நானே பணம் கொடுத்தேன். அதன் பிறகு பெரிய வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். என் எழுத்து சாய்ந்ததும், பன்னை நூலால் அறுத்ததும் அதனால்தான். கத்தி நழுவும். "உனக்கு எதுக்கெடுத்தாலும் நூலா சித்தி?" என்று நீ சிரித்தாய். சிரிக்கிறாளே, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழுவை ஆரம்பித்தவள் குழுவிடம் போய் எப்படிக் கேட்பது? அதனால் வேறு யாரோ மாதிரி என்னை நானே சொன்னேன். கை விஷயத்தைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். அதை விட்டதும் மிச்சம் இருந்தது அப்படியே உன் கதையாக ஆகிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்?

கறுப்பு விழுந்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். நம் சித்தி ஊரார் முன்னால் கையேந்துகிறாளே என்று கூசிப்போய்விட்டாய். உன் சீட்டையும் அப்படித்தான் படித்தேன். நாலு மாதமாக அப்படியே படித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குச் சொந்தக்காரர் வாடகைப் பாக்கிக்கு மார்ச் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அது செல்போன் ரிப்பேர் கடை. மெஷினை முன்கூட்டியே கிளினிக்கின் பின்னறையில் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று மீன்தொட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "என்ன சித்தி, அரண்மனைக்கா வெள்ளையடிக்கிறாங்க, இத்தனை நாளா?" என்று கேட்கிறாள்.

நீ யாரிடமும் மூச்சு விடாதே. உன் அம்மாவிடம் விடவே விடாதே. ஒழுங்கு ஒழுங்குதான். நான் மறுபடி கொண்டுபோக முடியாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அது போதும்.

சித்தி


பிப்ரவரி 24

சித்தி,

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. உன் கை, உன் கடை எல்லாவற்றையும் படித்த பிறகும் முதலில் அதுதான் வந்தது. நீ என்னைக் கூட்டத்தில் வைக்கவில்லை. நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி வெளியே போட்ட மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் அந்தக் கோட்டுப் பொத்தான் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் படிக்க முடியாமல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒன்றை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் கொடுத்தால் வாங்குகிறவருக்கு அந்த முகம் மறக்காது. லிஃப்ட்காரர் மாதிரி ஆயுசுக்கும் எழுந்து நிற்க வேண்டும். சேர்ந்து கொடுத்தால் எந்த முகத்துக்கும் எழுந்து நிற்க வேண்டாம். உன் பையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் முகத்தை மறைக்க மறைக்க, பக்கத்து நாற்காலியில் இருந்த முகத்தையே நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஒரு பன்னுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு.

உன் ஒழுங்கை மறுபடி எடுத்துப் படித்தேன். பிழை பார்க்கிறவள் இல்லையா. அதே கதையை அதே ஆள் கொண்டுவரக் கூடாது என்றுதான் இருக்கிறது. நான் அதே ஆள் இல்லை. குழுவிலிருந்து நான் விலகிக்கொள்வதாக யாரிடமும் சொல்லவும் இல்லை.

மீன்தொட்டிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போ. வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே. திட்டுவதாக இருந்தால் போய் வந்த பிறகு திட்டு.

உன் முற்றுப்புள்ளி


மார்ச் 9

அடிப்பாவி,

திட்டத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் திட்டினால் ருசிக்காது.

பை சுற்றி வந்தது. வெறுங்கையை விட்டு எடுத்தேன். கதை இருக்கிறதா என்று மாஸ்டர் கேட்டார். மீன்தொட்டி எழுந்து, "தபால்ல ஒண்ணு வந்திருக்கு" என்று உன் கடிதத்தைப் பிரித்தாள். மருந்துத் தாள் மாதிரி எத்தனை மடிப்பு. பிரிக்கப் பிரிக்க நான் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் படித்ததை அப்படியே எழுதுகிறேன், உன் பிழையை நீயே பார்த்துக்கொள். "ஒருத்தர் இருக்கிறார். சாயங்காலம் டீயும் பாதி பன்னும்தான் ராத்திரிக்கும். நவம்பரில் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அப்போது அது என்னைப் பற்றியது என்று நினைத்துக் கறுப்பைப் போட்டவள் நான். பன்னின் மற்றப் பாதியைத் தின்றவளும் நான்தான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அவருக்குக் கை மரத்துப்போய்விட்டது. ஆபரேஷனுக்கும் கடை வாடகைக்கும் வழியில்லை. பெயர், தெரு, வயது, தொழில் எதையும் நான் எழுதவில்லை. கொஞ்சம் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்."

எல்லாத் தலையும் திரும்பியது. நானும் யாரையோ தேடுகிறவள் மாதிரிப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பல்செட் விளம்பரம்தான் இருந்தது.

மாஸ்டர்தான் ஆரம்பித்தார். "நான் தினம் தினம் கியர் போடத் தெரியாத கையைப் பார்த்துப் பொழைக்கிறவன். நீங்க டீ கிளாஸை ரெண்டு கையால பிடிக்கிறதை மாசக்கணக்கா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். குளிருதுன்னு நெனச்சேனே. என்னைத்தான் செருப்பால அடிக்கணும்."

"வெள்ளையடிக்கிறாங்களாம், வெள்ளை" என்று மீன்தொட்டி மூக்கை உறிஞ்சினாள்.

நான் எழுந்து போய்விடலாம் என்று என் கைப்பையை எடுத்தேன். கணக்கு டீச்சர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். "உக்காருங்க. நான் மட்டும் என்னவாம்? பையன் படிப்புக்குக் கட்டினதுல இருந்து நானும் வெறுங்கையைத்தான் விட்டு எடுக்குறேன். யாருக்காவது தெரிஞ்சுதா? எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்லிட்டேன், இல்ல." அவர் சொன்னதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. பல் டாக்டர் கிளினிக்கில் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் பொத்தான். டப்பா சுற்றி வந்தது. கடைசியாக நான். விரலுக்குத் தெரியாது என்பதால் குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பார்த்தால் டப்பா முழுக்க வெள்ளை. கறுப்பு ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்தேன். மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பை புடைத்திருந்தது.

"கறுப்பை எடுத்து வைங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஒழுங்கு ஒழுங்குதான்."

"உங்க குணம் எனக்குத் தெரியும். நீங்க கறுப்பைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க."

"போட்டா போடுறேன். அதைப் போட முடியாம இதைப் போட்டா, அது நான் போட்டதாகுமா?"

அவர் முனகிக்கொண்டே எல்லாக் கறுப்பையும் டப்பாவில் கொட்டினார். கோட்டுப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் சோழி மாதிரி. உண்மையைச் சொல்கிறேன், முதலில் கை அதற்குத்தான் போனது. இத்தனை வருடம் அடுத்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பழகிய கை. எனக்கென்று எடுப்பது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. அப்போது உன் கடிதத்தில் இருந்ததுதான் ஞாபகம் வந்தது. வெள்ளையை எடுத்து எனக்கே போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தாயே. நீ மட்டும் அன்றைக்குப் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். உனக்காக அப்படி நினைக்க முடிந்தால் எனக்காகவும் நினைக்கத்தானே வேண்டும்.

இடது கையால் ஒரு சின்னச் சட்டைப் பொத்தானை எடுத்துப் பையில் போட்டேன். சத்தமே வரவில்லை.

பையை மேஜையில் கவிழ்த்தார்கள். எல்லாம் வெள்ளை. "உங்க வீட்டுக்கு வந்து குடுத்துட்டுத் தண்ணி குடிக்காமத் திரும்பணுமாமே, அது மட்டும் நடக்காது, டீ வேணும்" என்றார் மாஸ்டர்.

இனிமேல் பை சுற்றுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு சுற்றுப் பேசிக்கொள்வதாக முடிவு. ஊராருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நமக்கு இந்த மாதம் எப்படிப் போனது என்று சொல்லிக்கொள்வது. டிப்போவுக்கும் நர்ஸ்களுக்கும் மீன்தொட்டி எழுதிப் போட்டுவிட்டாள். உங்கள் குழுவிலும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையைப் பாதியாக்கிக்கொண்டோம். நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் செல்போன் ரிப்பேர், இந்தப் பக்கம் நான். பாக்கியைக் குழு கட்டிவிட்டது, இனி பாதி வாடகைதான். நேற்று ஒருவர் என்னிடம் போனைக் கொடுத்து, "டிஸ்பிளே போச்சு" என்கிறார். ரிப்பேர்காரரிடம் ஒருத்தி பேண்ட்டைக் கொடுத்து, "ஜிப் மாத்தணும்" என்கிறாளாம்.

உங்களுக்கான பையை இதோடு அனுப்புகிறேன். நான் சொல்லச் சொல்ல மாஸ்டர்தான் மெஷினில் உட்கார்ந்து தைத்தார். வண்டி ஓட்டுகிற மாதிரியே தைக்கிறார். வளைவில் பிரேக்கே கிடையாது. கழுத்து கோணலாக இருந்தால் அவரைத் திட்டு.

உன்னைத் திட்டுவதாகச் சொன்னேன். இடம் முடிந்துவிட்டது.

சித்தி


மார்ச் 16

சித்தி,

பை வந்தது. கழுத்து கோணல்தான். பெரியக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பையா, காலுறையா?" என்றார். நான் திருத்தித் தைக்க விடவில்லை.

நேற்று முதல் கூட்டம். அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நீ எழுதியபடி முதலில் அவரவர் மாதம் எப்படிப் போனது என்று ஒரு சுற்று. நான்தான் ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. நான் யாரிடமும் எதையும் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒரு பன்னைப் பற்றிச் சொன்னேன். நீளமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முடித்தபோது பெரியக்கா, "ஏன்டி, அப்பவே யார்கிட்டயாவது சொல்லித் தொலைஞ்சா என்ன?" என்று அதட்டினார். அந்த அதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

லிஃப்ட்காரரையும் கூப்பிட்டிருந்தோம். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பை அவரிடம் போனபோது, வாங்கினவன் போடலாமா என்பது போலப் பார்த்தார். "கை மட்டும் போயிட்டு வந்தாலும் சரிதான், அண்ணே" என்றேன். உள்ளே விட்டு எடுத்தார். எதைப் போட்டார், போட்டாரா என்று எனக்குத் தெரியாது. பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

இன்று காலை நான் லிஃப்ட்டில் ஏறினேன். அவர் எழுந்திருக்கவில்லை. "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார். தினமும் போகிற மாடிதான், அவருக்குத் தெரியும். சொன்னேன்.

உன் ஆபரேஷன் முடிந்த வாரக் கடைசியில் வருகிறேன். போனையும் இனிமேல் எடுக்கிறேன். ஆனால் கடிதத்தை நிறுத்திவிடாதே. டீக்குப் பன் வாங்கி வை.

முற்றுப்புள்ளி


ஏப்ரல் 6

கண்ணு,

இது முழுக்க இடது கையால் எழுதுகிறேன், ஆகவே நீ கேட்ட சுருக்கம் இப்போதுதான் கிடைக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலைப் பார்த்தேன். நான் போட்டிருந்தால் இன்னும் நெருக்கமாகப் போட்டிருப்பேன். டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். கட்டுக்குள்ளே விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றேன். உணர்வு திரும்புகிறது, நல்லதுதான் என்றார். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வலியையும் பொறுத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் இறங்கி நேரே கடைக்கு வா. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் போனால் உன் போனைப் பிரித்துப் போட்டுவிடுவார்.

பன் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஆளுக்கு முழுசாக ஒன்று. இரண்டையும் நடுவில் அறுத்துத்தான் தின்ன வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிப்பாய், தெரியும். நூல்கண்டை மெஷின் மேல் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு கைதான், நீதான் அறுக்க வேண்டும்.

பெரிய பாதி எனக்கு. வெட்கப்படாமல் கேட்கிறேன்.

சித்தி